500ஐக் கழித்த பிறகு

இலங்கையில் ஒருவர் ஆணா பெண்ணா என்று அறிய முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அடையாள அட்டை இலக்கத்தைப் பார்த்தால் போதும். முதலில் பிறந்த ஆண்டு வரும். அடுத்த மூன்று இலக்கங்கள், அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தீர்கள் என்பது. பெண் என்றால் அந்த நாளோடு 500ஐக் கூட்டிவிடுவார்கள். 1985 பெப்ரவரி 1ஆம் திகதி பிறந்த ஆணுடைய அட்டை 85032 என்று தொடங்கும். அன்றைக்கே பிறந்த பெண்ணுடையது 85532. 2016இல் 12 இலக்கப் புதிய அட்டை வந்தபோது ஆண்டை நான்கு இலக்கமாக எழுதத் தொடங்கினார்களே தவிர, 500இல் கை வைக்கவில்லை.

இந்தக் கணக்குத் தெரியாமலே ஆயுளை முடித்துக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு அது தேவைப்படவில்லை. வங்கிக் கவுண்டரில் இருப்பவருக்குத் தெரியும். பொலிசுக்கு நன்றாகவே தெரியும். என்னோடு வாழ்கிற மனிதருக்கு, அட்டை கையில் கிடைத்த நாளிலிருந்தே தெரியும். தாடியும் கனத்த குரலும் வந்த பிறகும் அவருடைய இலக்கத்தில் அந்த 500 கூட்டியபடியே கிடந்தது.

அவர் ஒரு திருநம்பி. பிறந்தபோது பெண் என்று பதியப்பட்டவர். நான் பெண்ணாகப் பிறந்து பெண்ணாகவே இருக்கிறவள். இருவரும் தமிழர். வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலுமாக வாடகை வீடு மாறி மாறிக் காலம் போகிறது. பெயர்கள் வேண்டாம். வெள்ளவத்தையில் ஒரு பெயரைச் சொன்னால் எந்த ஊர், ஆருடைய பிள்ளை, மாமன் கனடாவில் எந்தத் தெருவில் இருக்கிறார் என்பது வரைக்கும் பின்னேரத்துக்குள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

நாங்கள் பழகத் தொடங்கியது யுத்தகாலத்தில், கணக்கியல் வகுப்பொன்றில். அவர் வவுனியாவிலிருந்து தாயோடு வந்து கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தார். கனடாவிலிருந்த அக்கா கூப்பிடுவார் என்று காத்திருந்த குடும்பம். அந்த நாட்களில் கொழும்பு லொட்ஜுகளில் பாதிப் பேர் அப்படிக் காத்திருந்தவர்கள்தான். அவர் தளர்வான சேர்ட்டும் காற்சட்டையும் போட்டு, தலைமுடியைக் கட்டையாக வெட்டியிருந்தார்.

சோதனைச் சாவடி நினைவிருக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பஸ்சை நிறுத்தி எல்லாரையும் இறக்குவார்கள். ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. பெண்களைப் பெண் பொலிஸ் உடம்பு தடவிப் பார்க்கும். அவர் பெண்கள் வரிசையில் போய் நிற்பார். நின்றவுடனே முன்னால் நிற்கிற பெண் திரும்பிப் பார்த்து முறைப்பாள். யாராவது ஒருத்தி சிங்களத்தில், பெடியன் ஏன் இங்கே வந்தான் என்று சத்தம் போடுவாள். அவர் அடையாள அட்டையை நீட்டுவார். பொலிஸ்காரி இலக்கத்தைப் பார்ப்பாள், முகத்தைப் பார்ப்பாள், மறுபடி இலக்கத்தைப் பார்ப்பாள். சரி, பெண்தான். அதோடு முடிந்தால் நல்லது. முடியாது. பெண் என்று உறுதியான அடுத்த நிமிடமே இன்னொரு கேள்வி முளைக்கும். தமிழ்ப் பெயர், வவுனியா முகவரி, கட்டை முடி. அந்தக் காலத்தில் முடியைக் கட்டையாக வெட்டிய தமிழ்ப் பெண் என்றால் இயக்கத்தில் இருந்தவள் என்று சந்தேகப்பட வேறு காரணம் தேவைப்படவில்லை.

ஆண் என்று நினைத்தால் ஒரு தொல்லை, பெண் என்று தெரிந்தால் அதைவிடப் பெரிய தொல்லை.

"முடியை வளர், உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறன்" என்று அவருடைய அம்மா ஒவ்வொரு நாளும் அழுவார். பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம் பொய்யில்லை. அந்த வயதுப் பிள்ளைகளைத் தேடிப் பொலிஸ் நிலையங்களின் வாசலில் நின்ற தாய்மாரை நாங்கள் பார்த்துத்தான் வளர்ந்தோம். ஆனால் அந்தப் பயத்துக்குள்ளே இன்னொரு பயமும் ஒளிந்திருந்தது. இந்தப் பிள்ளை ஏன் தோடு போடுவதில்லை, ஏன் சாமத்தியச் சடங்கில் அப்படிக் கதறியது, ஏன் எந்தக் கலியாணப் பேச்சையும் காதில் விழுத்துவதில்லை என்ற பயம். யுத்தம் அதற்கு ஒரு நல்ல சாட்டு. யுத்தம் முடிந்த பிறகும் அம்மா முடியை வளர்க்கச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

2007 யூன் 7ஆம் திகதி விடியப்புறம் பொலிசார் லொட்ஜுகளுக்குள் புகுந்து, கொழும்பில் தங்கத் தகுந்த காரணம் இல்லை என்று சொல்லி 376 தமிழர்களை பஸ்களில் ஏற்றி வவுனியா முதலான இடங்களுக்கு அனுப்பினார்கள். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பிரதமர் வருத்தம் தெரிவித்தார். இவர்கள் தங்கியிருந்த லொட்ஜுக்கு அன்று பஸ் வரவில்லை. ஆனால் அவருடைய அம்மா அதற்குப் பிறகு அங்கே நிற்க மறுத்துவிட்டார். அம்மா ஊருக்குப் போக, வகுப்பு முடியும்வரை மகள் கொழும்பில் ஒரு நல்ல தமிழ்க் குடும்பத்து வீட்டில் அறை எடுத்துத் தங்கட்டும் என்று முடிவானது. துணைக்கு, கூடப் படிக்கிற பிள்ளை. அதாவது நான்.

இப்படித்தான் இரண்டு வீட்டுக்காரரும் சேர்ந்து, தங்கள் கையாலேயே எங்களை ஒரே அறையில் கொண்டுபோய் விட்டார்கள்.

வெள்ளவத்தையில் வீடு தேடியவர்களுக்குத் தெரியும், "வேலைக்குப் போகும் அல்லது படிக்கும் பெண்களுக்கு" என்ற அறிவித்தலைப் போல நிம்மதி தருகிற அறிவித்தல் வேறு கிடையாது. பெடியன்கள் என்றால் குடிப்பார்கள், சிகரெட் பிடிப்பார்கள், சிநேகிதர்களைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். பெண் பிள்ளைகள் என்றால் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்து கதவைச் சாத்திக்கொண்டு படிப்பார்கள். எங்கள் வீட்டுக்கார அன்ரி எங்களை மற்ற வாடகைக்காரருக்கு உதாரணமாகக் காட்டுவார். ஆம்பிளைகளின் சகவாசமே இல்லாத பிள்ளைகள் என்று என் அம்மாவிடம் தொலைபேசியில் மெச்சுவார். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

நம்முடைய சமூகம் பெண்களைக் காவல் காப்பதில் கெட்டித்தனம் மிக்கது. காவல் முழுக்க ஆண்கள் வரும் பாதையில்தான். அந்தப் பாதையில் ஒருவரும் வராதவரை அது நித்திரை கொள்ளும். ஒரே பாயில் இரண்டு பெண்கள் படுத்தால் சிக்கனம், கை கோத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனால் சிநேகிதம். அதே நேரத்தில், அந்தக் கடற்கரையில் ஒரு பெடியனும் பெட்டையும் குடை விரித்து உட்கார்ந்திருந்தால் பொலிஸ் போய்த் தட்டி எழுப்பும். நாங்கள் அவர்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டுக்கொண்டு வறுத்த கச்சான் தின்றபடி நடந்து போவோம்.

சட்டப்படி பார்த்தால் குற்றவாளிகளாக இருக்கக்கூடியவர்கள் நாங்கள்தான். 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம் பிரிவு "இயற்கைக்கு மாறான" உறவுக்கு 10 ஆண்டு வரை சிறை என்கிறது. பிரித்தானியர் இந்தியாவில் 1860இல் எழுதிய சட்டத்தின் வார்ப்பு அது. 365அ பிரிவு அந்தக் காலத்தில் ஆண்களை மட்டுமே குறிவைத்தது. 1995இல் அதை நீக்க வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். நாடாளுமன்றம் யோசித்துப் பார்த்து, ஆண் என்றிருந்த இடத்தில் நபர் என்று மாற்றி, பெண்களையும் அதற்குள் சேர்த்துவிட்டது. சமத்துவம் இப்படியும் வரும். பிரித்தானியர் தங்கள் நாட்டில் ஒருகாலமும் பெண்களுக்கு எதிராக எழுதாத சட்டத்தை, சுதந்திரம் கிடைத்து அரை நூற்றாண்டு ஆகப்போகிற சமயத்தில் நாங்களே எழுதிக்கொண்டோம்.

அப்போது எங்களுக்கு இதொன்றும் தெரியாது. சட்டம் தெரியாததால் சட்டத்துக்குப் பயமில்லை. அன்ரிக்குத்தான் பயம்.

இந்த மறைவு எனக்குச் சுகமாக இருந்தது, அவருக்கு இருக்கவில்லை. இதில் நாங்கள் நிறையச் சண்டை பிடித்திருக்கிறோம். நான் ஒளித்து வைக்கப் பழகிய குடும்பத்தில் வளர்ந்தவள். 83 யூலைக் கலவரத்தில் என் அம்மா வெள்ளவத்தையில் ஒரு சிங்கள வீட்டின் பின்னறையில் இருந்து உயிர் தப்பியவர். அதற்குப் பிறகு வெளியே போகும்போது பொட்டை அழித்துவிட்டுப் போவதும், பஸ்சில் தமிழ் கதைக்காமல் வருவதும், பெயர் கேட்டால் சுருக்கிச் சொல்வதும் எங்கள் வீட்டில் பல் தீட்டுவதைப் போல. கொழும்புத் தமிழர் பலருக்கும் இது கைவந்த வித்தை. ஆகவே ஒரு காதலை ஒளிப்பது எனக்குப் புதிதாகவே தோன்றவில்லை. வீட்டில் ஒன்று, வெளியில் ஒன்று. அவ்வளவுதானே?

"உமக்கு ஒளிக்கிறதுக்கு ஒரு காதல் இருக்கு. எனக்கு நானே இல்லை" என்றார் அவர் ஒருநாள். அன்ரி எங்களை "என்ரை ரெண்டு பெட்டையளும்" என்று கொஞ்சும்போதெல்லாம் அவருடைய முகம் கல்லாகிவிடும். எங்களுக்குக் கூரை தந்த அதே பேச்சு அவரை நாளுக்கு நாள் தேய்த்துக்கொண்டிருந்ததை நான் அந்த முகத்தில்தான் படித்தேன். தேய்கிறதைப் பார்த்துக்கொண்டும் கூரையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த வயதில், அந்த வாடகைக்கு, வேறு என்ன செய்திருக்க முடியும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

2016இல் சுகாதார அமைச்சு ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அரச வைத்தியசாலையில் உளநல வைத்திய நிபுணர் ஒருவர் பார்த்து, உறுதிப்படுத்தி, பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் கொடுக்கலாம். அதைக் கொண்டுபோய்ப் பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பிறப்புச் சான்றிதழைத் திருத்தலாம். திருத்திய சான்றிதழோடு கிராம அலுவலரிடம் போய் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். ஒரு தென்னாசிய நாட்டில், நாடாளுமன்றத்தில் ஒருவரும் கூச்சல் போடாமல் இப்படியொரு வழி திறந்தது பெரிய விஷயம். மனித உரிமைகள் ஆணைக்குழு தள்ளித் தள்ளி நடந்தது. அதே நாட்டில் 365 அப்படியே இருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். நீ யார் என்பதை அரசாங்கம் எழுதித் தரும். அதற்கு ஒரு வைத்தியர் கையெழுத்து வைக்க வேண்டும்.

அந்தக் கையெழுத்துக்காக அவர் அலைந்ததை விரிவாக எழுதப் போவதில்லை. வைத்தியர் நல்லவர், தமிழ் கதைக்கத்தான் தெரியாது. தன்னுடைய சிறுவயதை, முதல் வெட்கத்தை, சாமத்தியச் சடங்கில் அழுததை எல்லாம் அவர் தனக்கு அரைகுறையாகத் தெரிந்த சிங்களத்தில் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு சிலதற்குச் சொல் கிடைக்காமல் சும்மா இருந்துவிட்டு வந்தாராம். கிளினிக்கில் பெயர் கூப்பிடுகிற தாதி ஒவ்வொரு முறையும் பழைய பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவார். தாடி வைத்த ஒருவர் எழும்பிப் போவதை அந்த வாங்கில் இருக்கிற அத்தனை பேரும் பார்ப்பார்கள்.

டெஸ்டோஸ்டெரோன் ஊசி தொடங்கிச் சில மாதங்களில் குரல் உடைந்தது. அன்ரி முதலில் தடிமன் என்று நினைத்து மல்லித் தண்ணி அவித்துத் தந்தார். பிறகு மல்லித் தண்ணி நின்றது. பிறகு கதையும் நின்றது. கடைசியில், மகன் லண்டனிலிருந்து வருகிறான், அறை தேவை என்றார். அன்ரியின் மகன் இந்த வருடம் வரைக்கும் வந்ததாகத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு வீடு தேடினபோதுதான் எங்களுக்கு விளங்கியது. பார்க்கிற கண்ணுக்கு இப்போது நாங்கள் ஒரு ஆணும் பெண்ணும். ஆணும் பெண்ணும் என்றால் முதல் கேள்வி, கலியாணம் முடித்தவர்களா? முடித்தவர்கள் என்றால் எப்போது, எங்கே, கலியாண எழுத்து முடிந்ததா, தாலி எங்கே? புரோக்கர் அடையாள அட்டைப் பிரதி கேட்பார். பிரதியில் இரண்டு பெண்கள். கண்ணுக்கு ஒரு ஒழுக்கக்கேடு, கடதாசிக்கு இன்னொன்று. கலியாணம் கட்டாத சோடி என்று விரட்டியவர்களும் உண்டு. ஆள்மாறாட்டம் என்று மிரட்டியவரும் உண்டு. 399ஆம் பிரிவு, ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுதல், திருநர்கள் மேல் எடுத்து வீசப்படுகிற சட்டம் என்பது அந்த மனிதருக்கு எப்படித் தெரிந்ததோ.

இந்த இடத்தில் அர்த்தநாரீஸ்வரரைக் கொண்டுவந்து நிறுத்துவது கட்டுரை எழுதுகிறவர்களின் வழக்கம். நம் மரபில் எல்லாமே இருந்தது, வெள்ளைக்காரன்தான் கெடுத்தான் என்பார்கள். பாதி உண்மை. அர்த்தநாரீஸ்வரர் வெள்ளவத்தையில் அனெக்ஸ் தேடியதில்லை.

வவுனியாவில் அவருடைய அப்பா இறந்த செய்தி வந்தபோது புதிய அட்டை அவருடைய கையில் வந்துவிட்டது. 500 கழிக்கப்பட்ட அட்டை. இரவு பஸ்சில் போய்க்கொண்டிருக்கும்போதே வட்ஸ்அப்பில் மரண அறிவித்தல் வந்தது. எங்கள் மரண அறிவித்தல்களைப் படிக்காதவர்கள் இருக்க முடியாது. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்டவர், இன்னாரின் அன்புக் கணவரும், இன்னார் இன்னாரின் பாசமிகு தந்தையும் என்று முழுக் குடும்பத்தையும் வரிசையில் நிறுத்துகிற ஆவணம் அது. ஒரு மனிதன் குடும்பத்தில் யார் என்பதற்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் நம்மவர்களிடம் இல்லை. அதில் அவருடைய பழைய பெயர், அக்காவின் பெயருக்குப் பக்கத்தில். மருமக்கள் வரிசையில் அக்காவின் கணவர் மட்டும். அவர் தொலைபேசியை என்னிடம் தந்துவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

போனவுடனே சித்தப்பா வாசலில் மறித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "தம்பி, கொழும்புச் சிநேகிதன் எண்டு நிண்டுகொள்ளும். இந்த நேரத்தில சனத்துக்கு விளங்கப்படுத்தேலாது." தம்பி என்று கூப்பிட்டுத்தான் சொன்னார். அதை நான் கவனித்தேன். ஆண்பிள்ளை இல்லாத வீடு என்பதால் சித்தப்பாவின் மகன் கொள்ளி வைப்பதாக ஏற்பாடு. ஆண்பிள்ளை பந்தலின் ஓரத்தில் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்தார்.

வந்த சனம் அவரிடமே வந்து துக்கம் கேட்டது. சொந்தக்காரப் பெடியன் போலிருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். ஒரு கிழவி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "இளைய பெட்டை வரேல்லையோ மோனே? தேப்பனுக்கு அவளெண்டா உயிரெல்லோ" என்று கேட்டா. அவர், "வெளிநாட்டில, ரிக்கற் கிடைக்கேல்லை" என்றார். "பாவம், எங்கை கிடந்து அழுதோ" என்று கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனா.

எங்கள் வழக்கத்தில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. படலையோடு நின்று அழுதுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். மகள் என்ற பெயரில் வந்திருந்தால் அவரும் படலையோடு நின்றிருப்பார். கொழும்புச் சிநேகிதன் ஆண்கள் கூட்டத்தோடு நடந்து போனார். இடையில் ஒருவர் தோள் மாற்றிக்கொள்ள ஆள் தேடினபோது இவரிடம் பாடையைக் கொடுத்திருக்கிறார். ஆரென்று தெரியாமலே கொடுத்தாராம். சுடலை வரைக்கும் இறக்கவில்லை என்று பிறகு சொன்னார். நான் வீட்டில் பெண்களோடு நின்று கூடத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவருடைய அம்மா என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, "நீயும் ஏதும் சாப்பிடு பிள்ளை" என்றார். எங்கள் இரண்டு பேருக்கும் அந்த வீட்டில் அன்றைக்குக் கிடைத்தது அவ்வளவும்தான். குறைவென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போதுமென்று சொல்லவும் வரவில்லை.

சட்டம் இதற்கிடையில் ஒரு அடி வைப்பதும் நிற்பதுமாக இருந்தது. மருதானையில் நிறுத்தியிருந்த வாகனம் ஒன்றில் 2003இல் பிடிபட்ட இரண்டு ஆண்களின் வழக்கு 13 ஆண்டு இழுபட்டு 2016 நவம்பரில் உயர் நீதிமன்றத்தில் முடிந்தது. வயதுவந்தவர்கள் விரும்பிச் செய்வதை அரசு காவல் காக்கக்கூடாது என்ற இன்றைய சிந்தனையை நீதிமன்றம் ஏற்றுப் பேசியது. ஆனால் சட்டம் சட்டம்தான் என்று குற்றத் தீர்ப்பை வைத்துக்கொண்டு சிறையை ஒத்திவைத்த தண்டனையாக்கியது. சமபால் உறவினரின் உரிமைக்காக வேலை செய்கிற ரொசானா பிளேமர் கல்தேரா கொடுத்த முறைப்பாட்டில், பெண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்குவது பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிக்கும் உடன்படிக்கையை மீறுகிறது என்று 2022இல் ஐ.நா. குழு இலங்கைக்குச் சொன்னது. அதே ஆண்டு யூனில், பெற்றோல் இல்லாத கொழும்பில், காலிமுகத்திடலில் போராட்டக்காரர்களோடு வானவில் கொடிகளும் நடந்தன. நான் ஓரமாக நின்று பார்த்தேன். அவர் வரவில்லை. கொடி பிடிக்கிற கொழும்பு வேறு, வாடகை கொடுக்கிற கொழும்பு வேறு என்பது அவருடைய கட்சி. ஆங்கிலத்தில் வாழத் தெரிந்தவர்களுக்குக் கிடைக்கிற துணிச்சல் அது என்பார். நான் முழுக்க ஒத்துக்கொள்வதில்லை. யாழ்ப்பாணத்திலும் நடந்திருக்கிறார்களே, தமிழில், கோயில் வீதிகள் இருக்கிற ஊரில்.

2023இல் நாடாளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் தொலவத்த கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம், 365ஐயும் 365அவையும் திருத்துவது, அரசியலமைப்புக்கு முரணில்லை என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. மே மாதத்தில் சபாநாயகர் அதை அறிவித்தார். வாக்கெடுப்புக்கு வரவேயில்லை. 2024 செப்டெம்பரில் நாடாளுமன்றம் கலைந்தபோது அதுவும் காலாவதியாகிப் போனது.

கடலுக்கு அந்தப் பக்கம் தூத்துக்குடியில், ஒரு ஆணும் ஒரு திருநங்கையும் 2018இல் கோயிலில் தாலி கட்டிக்கொண்டு போய்ப் பதியக் கேட்க, பதிவாளர் மறுத்தார். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இந்துத் திருமணச் சட்டம் சொல்கிற மணமகளில் திருநங்கையும் அடங்குவார், பதிந்து கொடு என்று 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தார். கொழும்புச் செட்டியார் தெருவிலும் கொச்சிக்கடையிலும் பாதிக் குடும்பங்களுக்குத் தூத்துக்குடியில் இன்னும் உறவுண்டு. புடவையும் கருவாடும் கலியாணச் சம்பந்தமும் வந்த கடல்தான்.

நாங்கள் நீதிமன்றம் போகத் தேவையில்லை. பிரச்சினையே அதுதான். புதிய அட்டையோடு பதிவாளரிடம் போனால் அவர் பார்க்கப் போவது ஒரு ஆணையும் ஒரு பெண்ணையும். இரண்டு சாட்சிக் கையெழுத்து, எழுத்து முடிந்தது. என்னோடு வாழ்கிறவருக்கு அது வேண்டும். "ஆஸ்பத்திரியில நான் விழுந்து கிடந்தா உம்மை ஆரெண்டு கேட்டா என்ன சொல்லுவீர்? என்ரை மரண அறிவித்தலில உம்மடை பெயர் வரவேணும்." இந்த வாதத்துக்கு என்னிடம் பதில் கிடையாது.

ஆனாலும் நான் தயங்கினேன். எங்கள் மேல் மாடியில் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். எங்களைவிட வயதில் கூடியவர்கள், சொந்தக்காரர் என்றுதான் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரியும், அவர்களுக்கும் எனக்குத் தெரியும் என்று தெரியும். இதைப் பற்றி ஒரு நாளும் கதைத்ததில்லை. தேங்காய்ப்பூத் துருவி வேண்டுமா, தண்ணி வந்துவிட்டதா என்பதோடு சரி. நேற்றுவரை அவர்கள் நின்ற இடத்தில்தான் நாங்களும் நின்றோம். ஒரு இலக்கம் மாறியதும் நாங்கள் மட்டும் கதவைத் திறந்துகொண்டு ஊரோடு சேர்ந்துவிடலாம். "அதுக்கு நான் பெண்ணாவே இருந்திருக்க வேணுமோ?" என்று அவர் கேட்டார். கோபமாகத்தான் கேட்டார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. நாங்கள் சேர்வதால் அந்த இரண்டு பேருக்கும் ஒன்றும் குறையப் போவதில்லை. நாங்கள் தள்ளி நிற்பதால் ஒன்றும் கூடப்போவதுமில்லை. அப்படியிருந்தும் அது என்னைக் குடைந்தது. மேலே அவர்களில் ஒருத்திக்குச் சுகமில்லாமல் போய், மற்றவர் வைத்தியசாலையில் "கசின்" என்று சொல்லி வெளியே நின்றதைப் பார்த்த பிறகுதான் சரி என்றேன். தருக்கப்படி பார்த்தால் நேர்மாறாக வந்திருக்க வேண்டும். பயம் தருக்கம் பார்ப்பதில்லை.

இனி என் அம்மா. நான் சொன்ன நாளில் அம்மா சாப்பிடவில்லை. பிறகு கனகாலம் கதைக்கவில்லை. கதைக்கத் தொடங்கியபோது அவரைப் பற்றிய பேச்சை மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் கதைத்தார். "உன்ரை கூட இருக்கிற பிள்ளை சுகமோ?" என்பதுதான் ஆகக்கூடியது. எழுத்து எழுதப் போகிறோம் என்று தொலைபேசியில் சொன்னபோது அந்தப் பக்கம் ஒரு சத்தமுமில்லை. வைத்துவிட்டார்.

இரண்டு கிழமை கழித்து அம்மாவே எடுத்தார். வவுனியாவுக்குத் தொலைபேசி எடுத்து அவருடைய அம்மாவிடம் பிறந்த நேரம் கேட்டு வாங்கி, குறிப்புக் கணித்து, சாத்திரியாரிடம் கொண்டுபோயிருக்கிறார். பொருத்தம் பார்க்கும்போது பெண்ணின் நட்சத்திரத்திலிருந்து ஆணின் நட்சத்திரத்துக்குத்தான் எண்ணுவார்கள். அம்மா எந்தக் குறிப்பை மாப்பிள்ளையின் குறிப்பு என்று நீட்டினார் என்று நான் கேட்கத் தேவையிருக்கவில்லை.

"பொருத்தம் பரவாயில்லையாம். ஆனா உனக்கு ஏழில செவ்வாய். மாப்பிள்ளைக்கு இல்லை. இது சரிவராது பிள்ளை."

நான் சிரிக்கத் தொடங்கி, அம்மா ஏசி, பிறகு அவரிடம் தொலைபேசியைக் கொடுத்தேன். அவர் மிகவும் பணிவாக, "பரிகாரம் ஏதும் இருக்கோ மாமி?" என்று கேட்டார். இருக்கிறதாம். வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போய் அங்காரகனுக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்து எழுதினால் தோஷமில்லையாம். செலவில் பாதி தான் தருவதாகவும் அம்மா சொன்னார். அவருடைய பாஸ்போர்ட் மட்டும் இன்னும் பழைய பெயரில், பழைய படத்தோடு கிடக்கிறது. அதை மாற்றாமல் இந்திய விசா எடுக்க முடியாது. அடுத்த கிழமை பத்தரமுல்லையில் இருக்கிற பாஸ்போர்ட் கந்தோருக்குப் போகிறோம். வரிசை விடியமுன்னமே தொடங்குகிறது என்கிறார்கள்.